சத்தம் மட்டும் வந்த வீடியோ

சிலிண்டர்காரர் என்றதும் தோளில் எரிவாயு சுமந்து மாடியேறும் ஆளை நினைத்துவிட வேண்டாம். நம்முடையவர் வேறு ரகம். அலுவலகச் சுவரில் சிவப்பாக ஒன்று மாட்டியிருப்பார்களே, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத தீயணைப்பு சிலிண்டர், அதைச் சோதிப்பது அவர் வேலை. கழுத்திலிருக்கும் சின்ன வட்டத்தில் முள் பச்சையில் நிற்கிறதா, பிடியில் செருகிய ஊசி துருப்பிடித்திருக்கிறதா, குழாயில் விரிசல் உண்டா என்று பார்ப்பார். தூக்கி எடை போடுவார். அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கட்டிவிட்டு அடுத்த மாடிக்கு ஏறுவார்.

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஓர் அறைக்குள் நுழைந்தால் உங்களுக்கும் எனக்கும் மேசையும் நாற்காலியும் தெரியும். அவருக்கு எங்கே பற்றிக்கொள்ளும், புகை எந்தப் பக்கம் போகும், எந்தக் கதவு நேரம் பார்த்து மாட்டிக்கொள்ளும் என்பதுதான் தெரியும். கணக்குப் பிரிவில் ஓர் அம்மாள் ஈரக் குடையைச் சிலிண்டரில் மாட்டி வைத்ததற்கு அவர் போட்ட கூச்சலை அந்தக் கட்டடம் இன்னும் மறக்கவில்லை. "வந்துட்டார்யா, எரியாத நெருப்பை அணைக்கிறவர்" என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

ஆனால் ஒன்று. சிரிக்கிற அதே ஆட்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து, சிலிண்டர் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுவார். "நெருப்புன்னா உங்க மூளை வேலை செய்யாது சார். அப்ப யோசிக்காதீங்க. என்ன எழுதியிருக்கோ அத மட்டும் படிங்க, அத மட்டும் செய்யுங்க" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் நடுங்காது.

வீட்டில் அவருக்கு வேறு பெயர். இஸ்திரிப் பெட்டியைத் தொடாதே, ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே, ஜன்னல் கம்பியைத் தொடாதே என்று காலையில் ஆரம்பித்தால் படுக்கிறவரை ஓயாது. அவர் மனைவியின் தம்பி அவருக்கு 'தொடாதே மாமா' என்று பெயர் வைத்து, அது உறவு முழுக்கப் பரவிவிட்டது.

அந்தத் தம்பிக்காரன் வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் எந்திரங்களைக் கவனிக்கிறவன். தான் வைத்திருந்த கம்ப்யூட்டரை அக்கா வீட்டுக்குக் கொடுத்து, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். வைரஸ் வராது என்று அவன் சொன்ன ஒரே சொல்லுக்காகத்தான் மாமா தலையாட்டினார். அதிலும் ஒரு கூத்து நடந்தது. பாட்டும் படமும் ஓடுவதற்கான துணைக் கருவிகள் அதில் மூன்று கட்டாக வரும். அதைச் செய்தவர்களின் குசும்பு, ஒரு கட்டுக்கு 'நல்லது', அடுத்ததற்குக் 'கெட்டது', மூன்றாவதற்கு 'அசிங்கம்' என்று பெயர். உள்ளே ஒன்றும் விவகாரம் கிடையாது. உரிமம் தகராறில் இருப்பதும் இன்னும் சரிபார்த்து முடிக்காததும் அந்தப் பின்னிரண்டில் கிடக்கும், அவ்வளவுதான்.

"மாப்ள, நல்லது மட்டும் போடு. கெட்டதும் அசிங்கமும் நம்ம வீட்டுக்கு எதுக்கு? பொம்பளப் புள்ள இருக்கிற வீடு."

மாப்பிள்ளை, அதாவது அந்த மைத்துனன், தலையில் அடித்துக்கொண்டு அப்படியே செய்துவிட்டுப் போனான். அதன் பிறகு கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் நம்மவர் 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினார். ஓடுகிற ஒன்றைத் தொடுவானேன் என்பது அவர் கட்சி. அதுவும் சளைக்காமல் நினைவூட்டியது. இவரும் சளைக்காமல் ஒத்திப்போட்டார். இப்படியே வருஷங்கள் ஓடின.

இவ்வளவு பயந்தவருக்கு உண்மையான பயம் வந்தது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மூலமாக.

பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று நின்றுவிடுவாள். கூப்பிட்டால் காதில் விழாது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசுவாள். டீச்சர் கவனமில்லை என்று எழுதியனுப்பினாள். அம்மாக்காரி இதைப் பலமுறை பார்த்துவிட்டாள். வீட்டிலேயே திரைச்சீலை தைக்கிறவள், மகள் எப்போதும் அவள் கண்ணெதிரே இருப்பாள். அப்பா ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைவிட, மகள் பேச்சு நடுவில் நின்றால் அவர் சட்டென்று எழுந்து எதையாவது சரிபார்க்கப் போய்விடுவார் என்பதுதான் சரி. "பகல் கனவு காணுறா, நானும் சின்ன வயசுல அப்படித்தான்" என்பார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தையலுக்குத் திரும்புவாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை வரும் நரம்பு டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னது இதுதான்: "இது வலிப்புதான், ரெண்டு வகையில ஒண்ணா இருக்கலாம். ஒண்ணுக்குக் குடுக்கிற மருந்து இன்னொண்ண மோசமாக்கிடும். அதனால குத்துமதிப்பா எழுத மாட்டேன். அடுத்த தடவ வரும்போது வீடியோ பிடிச்சுட்டு வாங்க. இங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல எல்லாம் ஓடாது, போன வாரம் ஒருத்தர் கொண்டு வந்தது வெறும் கறுப்பா இருந்துச்சு. வீட்லயே ஓட்டிப் பாத்துட்டு வாங்க."

சொல்லிவிட்டாள், ஆனால் எந்தத் தாய் பிடிப்பாள்? மகள் கண் நிலைகுத்தும்போதெல்லாம் கை போனுக்குப் போகாமல் பிள்ளையிடம் போய்விடும். டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் அது வந்தது. அன்றைக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பிடித்தாள். மகள் நினைவுக்குத் திரும்பியதும் ஓடிப்போய் அணைத்தபோது போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து திரை அணைந்துபோயிற்று. பழுது பார்க்கிறவன் உதிரிப்பாகம் வர வாரக்கணக்காகும் என்றான். உள்ளே இருந்த மெமரி கார்டை மட்டும் கழற்றிக் கொடுத்தான்.

"புள்ளையப் பிடிக்காம போனப் பிடிச்சுட்டு நின்னேங்க" என்று அவள் அழுதாள். "இது மட்டும் வீணாப் போச்சுன்னா என்னால இன்னொரு தடவ முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விளையாட அனுப்பிவிட்டு, இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். நம்மவரிடம் இருப்பது பொத்தான் போன், அதில் படம் பார்க்க வழியில்லை. வெளியே கடையில் கொடுத்துப் பார்க்கலாம் என்றதற்கு மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். பெண் பிள்ளையின் முகம் யார் யார் போனிலோ சுற்றும், பள்ளிக்கூடம் வரை போகும் என்பது அவள் பயம். அந்தப் பயத்தில் அவருக்கு மறுபேச்சு இல்லை.

கார்டைச் செருகினார். வீடியோவை அழுத்தினார். திரையில் ஜன்னல் திறந்தது, வெறும் கறுப்பு.

சத்தம் மட்டும் வந்தது. தட்டில் கரண்டி உரசும் சத்தம். மகள் ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றாள். பிறகு குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது, அது மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. "பாப்பா... பாப்பா..." என்று மனைவியின் குரல். அதற்குப் பிறகும் தண்ணீர் சொட்டியது. கடைசியில் நாற்காலி நகரும் சத்தம், போன் விழும் சத்தம்.

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆனால் மனசுக்குள்ளே, ஓர் ஓரத்தில், 'அப்பாடா, படம் வரவில்லை' என்று ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்துத்தான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. பெற்ற தகப்பன் இப்படி நினைப்பானா?

"கெட்டுப்போச்சு போல இருக்கே" என்றார் மெல்ல.

"கெடல. சத்தம் வருதுல்ல? தம்பிக்குப் போன் போடுங்க."

இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். தொழிற்சாலை வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதுவரைக்கும்தான் பேச முடியும் என்று ஆரம்பித்தான். கறுப்புத் திரை என்றதுமே விஷயம் பிடிபட்டுவிட்டது.

"மாமா, வீடியோங்கிறத அப்படியே வைக்க மாட்டாங்க. மடிச்சு, சுருட்டி, அமுக்கி வச்சிருப்பாங்க. பிரிக்கத் தெரிஞ்ச ஆள் உங்க மெஷின்ல இருக்கணும். அதுக்குப் பேரு கோடெக். சத்தத்த மடிச்சது பழைய முறை, அத உங்க மெஷின் பிரிச்சிடுது. படத்த மடிச்சது புது முறை. அந்த ஆளு உங்ககிட்ட இல்ல."

"ஏன் இல்ல?"

"ஏன்னா நீங்கதானே நல்லது மட்டும் போதும்னீங்க. ஆளு கெட்டதுல இருக்கான்."

மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் என்ற கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொல்லி, அவன் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல இவர் ஒற்றை விரலால் தட்டினார். திரையில் வரிவரியாக 'கிடைக்கவில்லை', 'கிடைக்கவில்லை' என்று வந்தது.

"கடைசியா எப்ப அப்டேட் பண்ணீங்க மாமா?"

இவர் விசைப்பலகையின் தூசியைத் துடைத்தார்.

"மாமா?"

"பண்ணினதே இல்லப்பா."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு. பிறகு பொறுமையாகச் சொன்னான். இந்தப் பதிப்புக்கு ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது. கருவிகள் இருந்த இடத்தைக் காலி செய்து, பழையவற்றை வைக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் இன்னும் பழைய வாசலிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் புது விலாசம் எழுதிக் கொடுக்கவேண்டும். விலாசம் இருப்பது முக்கியமான ஒரு கோப்பில். அதைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும்.

"தப்பா எழுதினா?"

"ஒண்ணும் ஆகாது. அது கிடைக்கலன்னு மறுபடியும் சொல்லும், அவ்ளோதான்."

"போட்டோ எல்லாம் போயிடுமா? பாப்பா பொறந்ததிலிருந்து இதுலதான் இருக்கு."

"போகாது மாமா. சரி, உங்க நிம்மதிக்கு, மொதல்ல அந்த வீடியோவ கார்டுலேர்ந்து கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பி எடுங்க. கார்டை உருவி அக்கா கையில குடுங்க. இனிமே எது நடந்தாலும் கார்டு பத்திரம். போதுமா?"

கார்டு மனைவியின் உள்ளங்கைக்குப் போனது. அவள் விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டாள். அதைத் திறக்கவே மாட்டாள் போலிருந்தது.

கோப்பைத் திறந்தார். எழுத்து எழுத்தாக மாற்றினார். ஒவ்வொரு எழுத்துக்கும் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். சேமித்து, அப்டேட் என்று கட்டளையிட்டதும் திரையில் எழுத்துகள் கீழிருந்து மேலே விடாமல் ஓட ஆரம்பித்தன. "மாப்ள, என்னமோ ஓடுது! நிக்க மாட்டேங்குது!" என்று கத்திவிட்டார்.

"ஓடட்டும் மாமா, ஓடணும்."

அடுத்து அந்த மூன்று கட்டுகளையும் நிறுவச் சொன்னான். திரை ஒரு கேள்வி கேட்டது. சில நாடுகளில் இதைப் பயன்படுத்த அனுமதி தேவைப்படலாம், தொடரவா? கேட்டைத் திறந்துகொண்டு யாரோ வரப்போவது போல வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். மனைவி கை நீட்டி, அவர் விரல் மேலேயே தன் விரலை வைத்து 'ஆம்' என்று அழுத்திவிட்டாள்.

"அக்கா, நான் கேட் கிட்ட வந்துட்டேன். போனைக் குடுக்கணும். அதுபாட்டுக்கு முடிஞ்சிடும், ஒண்ணையும் தொடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். தன்னைப் பார்த்து ஒருவன் 'தொடாதே' என்று சொன்னது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

பாதி ஓடியிருக்கும். மின்விசிறி நின்றது. குளிர்சாதனப்பெட்டியின் முனகல் நின்றது. திரை அணைந்தது.

கரண்ட் போய்விட்டது. மின்சாரம் போனாலும் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்கும் பாட்டரிப் பெட்டி ஒன்றை மாப்பிள்ளை எப்போதோ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். பாட்டரி வெடிக்கும் என்று வேண்டாமென்று சொன்னவர் இவர்தான். இதை மனைவி சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மின்சாரம் திரும்பியது. கம்ப்யூட்டரைப் போட்டார். வழக்கமாக வரும் நீலப் படம் வரவில்லை. கறுப்பில் வெள்ளை எழுத்துகள், கீழே ஒரு கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. போட்டோக்கள் போயின. மகள் பிறந்த நாள், முதல் அடி எடுத்து வைத்த நாள், எல்லாம் போயின. கார்டு இருக்கிறது, ஆனால் அதைத் திறக்க எந்திரம் இல்லை. நாளைக்கு டாக்டர் முன்னால் வெறுங்கையோடு நிற்கவேண்டும். வேறு வழியில்லாமல் அவளும் குத்துமதிப்பாக ஒன்றை எழுதிக் கொடுத்தால், அது தப்பாகப் போனால்?

"தம்பி ராத்திரிதான் போனை எடுப்பான்" என்றாள் மனைவி. அவள் குரலில் உயிரே இல்லை. "என்னங்க, ஏதாவது பண்ணுங்க."

அவர் எழுந்து ஓடியிருப்பார். கதவைச் சரிபார்க்க, குழாயைச் சரிபார்க்க, எதையாவது சரிபார்க்க ஓடுகிறவர்தான். இந்தத் தடவை நாற்காலியிலேயே இருந்தார். கண்தான் திரையில் இருந்தது. அவர் வாயில் தானாக வந்தது அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற பாடம்: "யோசிக்காதே. என்ன எழுதியிருக்கோ அத மட்டும் படி."

சத்தமாகப் படித்தார். இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. நிறுவுவது பாதியில் நின்றுவிட்டது, இதைச் சரிசெய்ய நீங்களே இந்தக் கட்டளையை எழுதவேண்டும் என்று போட்டு, கட்டளையையும் அதுவே எழுதிக் கொடுத்திருந்தது. சிலிண்டர் மேல் ஒட்டிய காகிதத்தில் எழுதியிருப்பதைப் போலவே இருந்தது. பயனர் பெயர் கேட்டது, கொடுத்தார். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். கட்டளையை அப்படியே பார்த்துத் தட்டினார். மனைவி ஒவ்வொரு எழுத்தையும் திரும்பப் படித்துச் சரி சொன்னாள். எழுத்துகள் ஓடின, ஓடின, நின்றன. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்.

நீலப் படம் வந்தது. போட்டோக்கள் இருந்தன. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துண்டு நனைந்துவிட்டது.

விட்ட இடத்திலிருந்து மிச்சத்தையும் நிறுவி முடித்து, வீடியோவை அழுத்தினார். இந்தத் தடவை ஜன்னல் கறுப்பாக இல்லை. மேசை தெரிந்தது, தட்டு தெரிந்தது, பச்சைச் சட்டையின் காலர் தெரிந்தது. அவ்வளவுதான் அவர் பார்த்தார். அதற்குமேல் கண்ணை இறக்கித் திரையின் கீழ்மூலையில் ஓடும் எண்களில் வைத்துக்கொண்டார். எண்கள் ஓடினால் படம் ஓடுகிறது என்று அர்த்தம். மனைவி பார்த்தாள். பார்த்து முடித்து, "இதேதாங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரின் கம்ப்யூட்டருக்கும் இந்தப் புது மடிப்பு தெரியாமல் போனால்? பழைய மடிப்புக்கு மாற்றி எடுத்துக்கொள்ளக் கம்ப்யூட்டரிலேயே ஒரு செயலி இருந்தது, அதையும் எழுதியிருந்ததைப் படித்துப் படித்தே ஓட்டினார். மெதுவாக மாற்றியது. மாற்றியதை ஓட்டிப் பார்த்தார், பென் டிரைவில் போட்டு ஓட்டிப் பார்த்தார், கழற்றிச் செருகி மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்த எண்களையே பார்த்தார். அப்போது மகள் திரும்பி வந்து வாசலில் நின்றாள். அவர் அவசரமாகத் திரையில் ஓடிய ஜன்னலை மூடினார்.

"என்னப்பா பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் வேலை. நீ உள்ள போ."

அவள் ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். கேள்வி கேட்டே கொல்லுகிற பெண் அவள். கொஞ்ச நாளாகத்தான் இப்படி எதையும் கேட்பதில்லை. தனியாகப் படுக்கிறேன் என்று அடுத்த அறைக்குப் போனதும் அப்போதிருந்துதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் முறை வர நேரமாயிற்று. பென் டிரைவ் அவர் சட்டைப்பையில் இருந்தது. இருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். மகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனதும் டாக்டரம்மா பென் டிரைவைச் செருகினாள். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. திரை என்ன காட்டுகிறது என்று இவர்களுக்குத் தெரியாது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் புருவம் சுருங்கியது. கறுப்பு என்று சொல்லப்போகிறாள், இதோ சொல்லப்போகிறாள் என்று சிலிண்டர்காரர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"ம், நல்லாத் தெரியுது" என்றாள் டாக்டர்.

அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தாள். பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தாள். சட்டென்று மகள் நாற்காலியை விட்டு இறங்கி மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

"அது நானா?"

அவர் பதறி எழுந்து அவள் கண்ணைப் பொத்தக் கையை நீட்டினார். "பாக்காத! பாப்பா, இங்க வா, பாக்காத!"

"பாக்கட்டும் விடுங்க" என்றாள் டாக்டர். "அவ முகந்தானே."

மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கூட விடாமல், கடைசிவரை பார்த்தாள். குழாய்ச் சொட்டு கேட்டது. அம்மாவின் குரல் கேட்டது. போன் விழுந்தது.

"இவ்ளோதானா?" என்றாள் அவள்.

டாக்டர் அவளைப் பார்த்தாள். "ஏன்மா, நீ என்ன நெனச்ச?"

"எனக்குக் கண்ணெல்லாம் வெள்ளையாயிடும், நான் பேய் மாதிரி ஆயிடுவேன்னு என் கிளாஸ்ல சொன்னாங்க. எனக்குத் தெரியவே தெரியாதுல்ல. வீட்ல யாரும் சொல்லல. நான் அம்மாவக் கடிச்சிடுவேனோன்னு நெனச்சேன்." அம்மா பக்கம் திரும்பினாள். "அதான் நான் தனியாப் படுக்கிறேன்னு சொன்னேன்."

அம்மாக்காரி எழுந்துபோய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். வீட்டில் யாரும் சொல்லவில்லை. பயம் தனக்கு மட்டும்தான் சொந்தம் என்று இத்தனை நாள் அதைக் கட்டிக் காத்தவர் அவர். அந்த வீட்டிலேயே பெரிய பயத்தை எட்டு வயதுப் பெண் ஒருத்தி தனியாகச் சுமந்துகொண்டு அடுத்த அறையில் படுத்திருந்திருக்கிறாள்.

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து எழுதினாள். இன்ன வகைதான் என்பது இப்போது தெளிவாகிவிட்டது, இன்னொரு மருந்தைக் கொடுத்திருந்தால் வினையாகப் போயிருக்கும், இதற்கு நல்ல மருந்து இருக்கிறது, பல பிள்ளைகளுக்கு வளர வளர நின்றும் போகும், ஆனால் ஒரு வேளைகூட மருந்தை விடக்கூடாது என்றாள். ஈ.ஈ.ஜி. என்ற மூளை அலைப் பதிவு ஒன்று எடுத்து உறுதி செய்துகொள்ளலாம் என்றும் சொன்னாள். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"எப்பவும் வாய் இப்படித்தான் மெல்லுமா?"

"எப்பவும் இதேதான் டாக்டர்" என்றாள் மனைவி.

"நீங்க பாத்ததும் இப்படித்தானா?" என்று அவரைக் கேட்டாள்.

"நான்... பாத்ததில்ல டாக்டர்."

"இந்த வீடியோவ ஓட வச்சதே நீங்கதான்னு உங்க வீட்டம்மா சொன்னாங்களே?"

"ஓடுதான்னு பாத்தேன். பல தடவ பாத்தேன்." அவர் தலை குனிந்தார். "கீழ ஓடுற நம்பரத்தான் பாத்தேன். அவ முகத்தப் பாக்கல. பயமா இருந்துச்சு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மகள் அம்மாவின் கையிலிருந்து விடுபட்டு வந்து, அவர் விரலைப் பிடித்து மேசைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டர், இன்னொரு தடவ போடுங்க. அப்பா இன்னும் பாக்கல."

டாக்டர் போட்டாள். மகள் அவர் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரந்தாம்ப்பா, அப்புறம் நான் வந்துடுவேன்" என்றாள். அவர் மகள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் முடியும்வரை பார்த்தார்.